பொட்டு வைத்த கம்ப்யூட்டரும் என் மச்சானும்

என் மச்சான் இன்ஜினியர். இதை நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. டீக்கடையில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லும்போதே அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவான். பெண்டாட்டியின் தம்பி. பெங்களூர் போகிறேன், சென்னை போகிறேன் என்று சொல்லிக்கொண்டே பாகூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டாமல் இருந்தவனை, "உங்க கூடவே வெச்சுக்கிங்க, கம்ப்யூட்டரெல்லாம் அவனுக்கு அத்துப்படி" என்று என் தலையில் கட்டினாள் வீட்டுக்காரி.

உரக்கடைக்கு மேலே ஒரு ரூம், அதுதான் நம்ம ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எதுவானாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது நான். எடுத்ததை வெட்டி ஒட்டிப் படமாக்குவதும் நான். மச்சானின் வேலை கம்ப்யூட்டரை மெயின்டெயின் பண்ணுவது. மெயின்டெயின் என்றால் ஒரு யூடியூப்காரன் சொல்வதைக் கேட்டு ஓடிக்கொண்டிருக்கிற மிஷினை நோண்டுவது, அவ்வளவுதான். அந்த யூடியூப்காரனுக்கு வயசு இருபதுகூட இருக்காது. பின்னால் நீல லைட்டும் சிவப்பு லைட்டும் மாறி மாறி எரிய, "ஹாய் மக்களே" என்று ஆரம்பிப்பான். அவன் சொன்னால் என் மச்சானுக்கு வேதவாக்கு.

இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், ரேம். கம்ப்யூட்டர் ஓடும்போது எல்லாவற்றையும் தற்காலிகமாகத் தாங்கிக்கொண்டிருக்கிற விரல் நீளப் பலகைகள். எங்கள் மிஷினில் நாலு. முதலில் இரண்டு வாங்கினோம், மறு வருஷம் இன்னும் இரண்டு. பேர் ஒன்றுதான், கம்பெனி ஒன்றுதான், உள்ளே இருக்கிற சில்லு வேறு. நாலையும் சாதாரண வேகத்தில் ஓட்டினால் நிம்மதியாக ஓடும். ஆனால் ஒரு செட்டிங் இருக்கிறது, அதைத் தட்டினால் மூவாயிரத்து அறுநூறு வரைக்கும் வேகம் ஏறும். அந்த மூவாயிரத்து அறுநூறுதான் மச்சானுக்கு மானம், மரியாதை எல்லாம். நாலும் அந்த வேகத்தில் ஓடுகிறது என்று தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும் பீற்றிக்கொள்வான். ஒரு கல்யாணப் படம் ரெடியாகிற நேரத்தில் அதனால் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட மிச்சமாகவில்லை. சொன்னால், "உங்களுக்குப் புரியாது மாமா" என்பான். எனக்குப் புரியாதுதான். வேலை நடந்தால் போதும் என்று நினைக்கிற முட்டாள் நான்.

ஆயுத பூஜை அன்று காலையில் கேமரா, ட்ரைபாட், லைட், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். பொரி கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது படியேறி வந்தார் அவர். சோரியாங்குப்பத்துக்காரர், கரும்பு போடுகிறவர். ஆவணியில் அவர் மகள் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். பெண்ணை நெட்டப்பாக்கம் பக்கம் கொடுத்திருந்தார். கல்யாணம் முடிந்து மாதம் திரும்புவதற்குள் அவர் சம்சாரம் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கேள்விப்பட்டு நான் போயிருந்தேன்.

"எங்க வூட்ல இந்த வருஷம் பண்டிகை இல்லல்ல. சும்மாதான குந்திக்கினு கீறேன், அதான் வந்தேன்" என்றார். பொரியைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளவில்லை. "படம் எப்ப வேணா குடு தம்பி, அவசரமில்ல. எனக்கு ஒரே ஒரு எடத்த மட்டும் போட்டுக் காட்டுறியா?"

"எந்த எடம்ணே?"

"பொண்ண கார்ல ஏத்தி அனுப்பற நேரத்துல எங்க வூட்டுக்காரி என்னாண்ட ஏதோ சொன்னா. கடைசிப் பந்திக்கு மோர் வரலன்னு நான் கத்திக்கினு இருந்தேன். சரி சரின்னுட்டுப் போயிட்டேன். இன்னா சொன்னான்னு காதுல வாங்கல. பொண்ணக் கேட்டேன், அது கார்ல ஒக்காந்து அழுதுக்கினு இருந்துச்சாம், தெரியலன்னுது. நீ அங்கதான கேமராவ வெச்சிக்கினு நின்ன?"

நின்றேன்தான். அந்தம்மாள் கத்தியதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தம்மாள் கல்யாணம் பூராவும் கத்திக்கொண்டேதான் இருந்தார். மாலை வாடிப் போச்சு என்று ஒரு கத்தல், ஐயர் அவசரப்படுகிறார் என்று ஒரு கத்தல், "டேய் கேமராக்காரா, சாப்டியா இல்லியாடா" என்று எனக்கும் ஒன்று. யார் அதையெல்லாம் கேட்டு வைத்தார்கள்? கேமரா கேட்டிருக்கும். எடுத்ததெல்லாம் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்தது.

"இன்னிக்கு மிஷினத் தொடக்கூடாதேண்ணே, பொட்டு வெச்சாச்சு" என்றேன்.

"அட ஆமாம்பா, மறந்தே பூட்டேன். நாளைக்கு விஜயதசமிக்கு வரேன். தொறந்ததும் மொத வேலையா அதப் போட்டுக் காட்டு" என்றார். முறை தெரிந்த மனுஷன். நான் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இன்னொரு சாவி யாரிடம் இருந்தது? நம்ம இன்ஜினியரிடம்.

வடை பாயசம் சாப்பிட்டுப் படுத்தவனை மத்தியானம் போனில் கூப்பிட்டான். "மாமா, ஒண்ணுமில்ல, சும்மா ரூமுக்கு வரீங்களா?" என்றான். அவன் ஒண்ணுமில்ல என்றால் ஏதோ பெரிதாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். போய்ப் பார்த்தேன். பெட்டியில் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை கும்மிருட்டு. சந்தனப் பொட்டு மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

"இன்னாடா பண்ண?"

"பயாஸ் அப்டேட் பண்ணேன் மாமா."

பயாஸ் என்பது மதர்போர்டுக்குள்ளேயே இருக்கிற சின்ன புரோகிராம். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது எது எது எங்கே இருக்கிறது, எதை எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது என்று முதலில் பார்ப்பது அதுதான். அது நன்றாகத்தான் இருந்தது. எங்களை அது ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஆயுத பூஜை அன்னிக்கு மிஷினத் தொடலாமாடா?"

"அப்டேட் பண்றது வேலை இல்ல மாமா. அதுவும் ஒரு பூஜை மாதிரிதான். மிஷின் சும்மாதான இருக்கு, அதான் நல்ல நாள்ல பண்ணலாம்னு."

எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. சோரியாங்குப்பத்திலிருந்து ஒரு பெரிய மனுஷன் வந்து, ஒரே ஒரு நிமிஷப் படத்துக்குக் கெஞ்சி, முறை இல்லை என்றதும் மறுபேச்சுப் பேசாமல் திரும்பிப் போகிறார். இந்த அறிவுக்கொழுந்து அதே மிஷினின் வயிற்றைக் கிழித்துவிட்டு அதற்குப் பூஜை என்று பேர் வைக்கிறது. வந்த கோபத்தில் பொரிப் பொட்டலத்தைத் தூக்கி அடித்தேன்.

நடந்தது இதுதான். அப்டேட் முடிந்ததும் பழைய செட்டிங் எல்லாம் அழிந்து, மிஷின் சாதாரண வேகத்தில் ஒழுங்காகத்தான் எழுந்திருக்கிறது. அப்படியே விட்டிருக்கலாம். விடுவானா? மூவாயிரத்து அறுநூறு போச்சே! செட்டிங்கை மறுபடி தட்டியிருக்கிறான். புது பயாஸுக்கு அந்த நாலு ரேமையும் அந்த வேகத்தில் பிடிக்கவில்லை, படுத்துவிட்டது. பழைய வெர்ஷனுக்கே திரும்பிவிடலாம் என்றால், ஏற்றினால் திரும்ப முடியாது என்று கம்பெனிக்காரன் தெளிவாக எழுதி வைத்திருக்கிறான். அதை இவன் ஏற்றின பிறகுதான் படித்தான். இன்ஜினியர்கள் முன்னாலேயே படிக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

மதர்போர்டில் காசு மாதிரி இருக்கிற பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு மாட்டினோம். எழுந்தது. செட்டிங்கைத் தட்டினான், படுத்தது. ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தோம். பழைய இரண்டை மட்டும் மாட்டினால் முழு வேகத்தில் ஓடுகிறது. புது இரண்டை மட்டும் மாட்டினாலும் ஓடுகிறது. நாலையும் சேர்த்தால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் இது எனக்கே புரிந்துவிட்டது. நான் பன்னிரண்டாவது ஃபெயில்.

"நாலையும் போட்டு மெதுவா ஓட்டு. இல்லன்னா ரெண்டைக் கழட்டி வீசு. நாளைக்குக் காலையில எனக்கு மிஷின் ஓடணும், அவ்ளோதான்" என்றேன்.

"மெதுவாவா?" என்றான், அவன் அம்மாவைத் திட்டிவிட்ட மாதிரி.

"ஆமாண்டா, மெதுவாதான். நம்ம இன்னா ராக்கெட்டா வுடுறோம்? சாம்பார் ஊத்துறதையும் அட்சதை போடுறதையும் ஒட்டுறோம்."

நாலையும் மாட்டி, சாதாரண வேகத்தில் வைத்து, என் கண்ணாலேயே பார்த்துவிட்டுத்தான் பூட்டினேன். அவனிடமிருந்த சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்று என் பெண்டாட்டிகூட அப்புறம் சொன்னாள். அப்புறம் சொல்வதில் அவள் கெட்டிக்காரி.

விஜயதசமி காலையில் நான் போனபோது எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். குளித்து, விபூதி இட்டு, முகமெல்லாம் பல். திரையில் மூவாயிரத்து அறுநூறு. அந்த நம்பரை போட்டோ எடுத்து நாலு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, பதிலுக்கு வந்து விழுகிற கட்டை விரல்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

"எப்பிடிரா?"

"ரேமுக்கு வோல்டேஜ கொஞ்சம் ஏத்தினேன் மாமா. யூடியூப்ல சொல்லியிருந்தாப்ல. ஜம்முனு எழுந்துக்கிச்சு."

எழுந்துகொள்வது வேறு, நிலையாக நிற்பது வேறு. இது மச்சானுக்கே தெரியும். அதனால்தான் ரேமைச் சோதிக்கிற ஒரு புரோகிராமை ஓட விட்டிருந்தான். ரேமில் எதையாவது எழுதி, அதையே திரும்பப் படித்து, எழுதினதும் படித்ததும் ஒன்றுதானா என்று மூலை முடுக்கெல்லாம் பார்க்கும். முழுசாக முடிய அரை நாள் ஆகும். கால்வாசிகூடத் தாண்டவில்லை, அதுவரைக்கும் தப்பு எதுவும் இல்லை.

"இது முடியட்டும், அப்புறம் மத்ததப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பூவும் கற்பூரமும் வாங்கக் கீழே இறங்கினேன். விஜயதசமிக்கு ஒரு முறை உண்டு. பூஜையில் வைத்ததை எடுத்து, நல்ல நேரத்துக்குள் ஒரு வேலையாவது ஆரம்பித்துவிட வேண்டும். டெய்லர் நாலு தையல் போடுவார், கொத்தனார் ஒரு செங்கல் வைப்பார். நாங்கள் ஏதாவது ஒரு துண்டு வீடியோவை வெட்டுவோம். பூக்காரம்மாவிடம் கூட்டம். திரும்பி வரும்போது சோரியாங்குப்பத்துக்காரர் கீழே உரக்கடை வாசலில் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மொட்டை அடித்த தலையில் முடி முள்ளு முள்ளாக வளர்ந்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து படியேறினோம்.

சோதனை புரோகிராமைக் காணோம்.

"நிறுத்திட்டேன் மாமா. ராகு காலம் வரப் போவுது, அதுக்குள்ள ஒரு வேலய ஆரம்பிக்கணும்ல? அண்ணன் வருவாருன்னு சொன்னீங்களே, அவரு பொண்ணு கல்யாணத்தையே டிஸ்க்குலேர்ந்து மிஷினுக்கு மாத்திட்டேன். இன்னா ஸ்பீடு தெரியுமா!"

மவுஸை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். "காப்பிதான பண்ண?"

"கட் மாமா. அங்க கட் பண்ணி இங்க பேஸ்ட். ஐப்பசி முகூர்த்தத்துக்கு டிஸ்க் காலியா வேணும்ல. ஃபார்மேட் பண்ணி, புதுசா பொட்டு வெச்சு, அதுலயே ஒரு ஓரமா மிஷினுக்கு பேக்கப் எடுக்கவும் போட்டு விட்டுட்டேன். பாதி ஏறிடுச்சு."

அப்படியென்றால், டிஸ்கில் இருந்ததெல்லாம் போய்விட்டது, அது இருந்த இடத்தின் மேல் வேறு எதையோ எழுதிக்கொண்டும் இருக்கிறது. மிஷினில் இருப்பதோ சோதித்து முடிக்காத ரேம் வழியாக வந்தது. ஒரு பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு வேலை செய்ய இந்த உலகத்தில் ஒருத்தனால்தான் முடியும். அவன் வீட்டில்தான் நான் பெண்ணெடுத்துத் தொலைத்தேன்.

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேக்கப்பை நிறுத்தினேன். பெண்ணை அனுப்புகிற கிளிப்பைத் தேடித் திறந்தேன்.

வந்தது. கார், அதைச் சுற்றிக் கூட்டம், பெண் அழுகிறது. நடுநடுவே பச்சைக் கட்டங்கள் விழுந்து ஆட்களின் தலையைத் தின்றுகொண்டிருந்தன. அந்தம்மாள் அரக்குப் புடவையில் இடது பக்கத்திலிருந்து வந்தார். கையில் ஆரத்தித் தட்டு. பந்திப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"யோவ்! இந்தாய்யா! மோரு கெடக்கட்டும், இங்க வா. பொண்ணு போனப்புறம் நீ..."

கிரீச்சென்று ஒரு சத்தம். திரை முழுக்கப் பச்சை. கிளிப் நின்றுவிட்டது.

நான் மறுபடி போட்டேன். அதே இடத்தில் நின்றது. வேறு இரண்டு புரோகிராமில் திறந்தேன், அதே இடம். மச்சானின் பேக்கப் தின்றது போக டிஸ்கில் மீதி இருந்ததை மீட்கிற புரோகிராமைப் போட்டுத் தோண்டினேன். மத்தியானம் வரைக்கும் தோண்டினேன். பந்தியில் சாம்பார் ஊற்றுவது முழுசாக வந்தது. மாப்பிள்ளையின் சேக்காளிகள் ஆடின ஆட்டம் வந்தது. ஒரு ஆள் கொட்டாவி விடுவது, ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும், ஒரு கீறல் இல்லாமல் வந்தது. அந்த ஒரு நிமிஷம் வரவில்லை.

சோதனையை மறுபடி ஓட விட்டேன். காலையில் நிறுத்தின இடத்தைத் தாண்டின கொஞ்ச நேரத்திலேயே சிவப்புச் சிவப்பாகத் தப்புகள் கொட்டின. காலையில் அப்படியே விட்டிருந்தால், பெரியவர் படியேறுவதற்கு முன்பே இதே சிவப்பு தெரிந்திருக்கும். நான் மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவனோ பெரியவருக்குக் கேட்காது என்று நினைத்து என் காதருகே குனிந்தான்.

"மாமா, எதையாவது சொல்லி அனுப்பிடுங்க. நீங்கதான அங்க நின்னீங்க. 'பொண்ணு போனப்புறம் நீ ஒடம்பப் பாத்துக்கோ'ன்னு சொன்னாங்கன்னு சொல்லுங்க. அவருக்கும் நிம்மதி."

த்தூ என்று காறித் துப்பலாம் போல வந்தது. செத்துப் போன பொம்பளையின் வாயில் வசனம் எழுதுகிறான்! தானே அழித்த இடத்தில் தானே எழுதுகிறான்! பளாரென்று ஒன்று வைத்திருப்பேன். அதற்குள் பெரியவர் திரும்பாமலே பேசினார். காது நன்றாகத்தான் கேட்டிருக்கிறது.

"அவ அப்பிடியெல்லாம் பேச மாட்டாபா."

மச்சான் நிமிர்ந்து நாலடி தள்ளிப் போய் நின்றான்.

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரையையே பார்த்தார். "பொண்ணு போனப்புறம் நீ..." என்று அவரே மெள்ளச் சொல்லிப் பார்த்தார். "மாட்டப் பாத்துக்கோன்னுருப்பாளோ. கதவச் சாத்திக்கினு படுய்யான்னுருப்பாளோ. தெரியலியே. இப்ப பொண்ணும் பூட்ச்சி, அவளும் பூட்டா. வூட்ல நான் இன்னா பண்றதுன்னு யாரு சொல்லுவா?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

அன்றைக்கு நான் நின்ற இடத்திலிருந்து அந்தம்மாள் ஆறடிகூட இல்லை. எவ்வளவு யோசித்தும், அவர் சொன்னதில் ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை.

நாலு ரேமையும் நானே கழற்றி, பழைய இரண்டை மட்டும் மாட்டி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் வைத்தேன். மிச்ச இரண்டையும் மச்சான் கையில் கொடுத்து, அவனிடமிருந்த சாவியை வாங்கிக்கொண்டேன். மிஷின் எழுந்தது. எந்த வேகத்தில் எழுந்தால் என்ன, கிளிப் அதே இடத்தில்தான் நின்றது.

"அண்ணே, என்ன மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இருக்கறதையே இதுல ஏத்திக் குடு தம்பி. 'யோவ்'னு கூப்புடறாள்ல, அது வரைக்கும் நல்லாத்தான கீது."